சித்தப்பா படித்த புழு

எங்கள் ஊருக்குப் போனால் பஸ்ஸை விட்டுக் கால் கீழே வைப்பதற்குள் யாராவது கேட்டுவிடுகிறார்கள். "ஏம்பாப்பா, உங்க சித்தப்பா, அந்தப் பட்டுப்புழு டாக்டரு, இப்ப எங்க இருக்கறாரு?" அவர் பட்டுப்புழு டாக்டர் இல்லை என்று அவரே ஒரு தடவை பாதி ஊர் முன்னால் சொல்லியாயிற்று; நானும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கேட்டவர் "அப்படியா" என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த தடவையும் அதையேதான் கேட்பார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

இதில் ஊரைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பென்னாகரத்திலிருந்து ஏரியூர் போகிற ரோட்டில் உள்ளடங்கின ஊர் எங்களுடையது. வீட்டுக்கு வீடு பட்டுப்புழு ஷெட். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். புழு இலை தின்னவில்லை என்றால் அந்த நிமிஷமே வண்டியை எடுப்பார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு சித்தப்பா போன் போட்டு, "அண்ணா, நான் புழு ஆராய்ச்சிக்குச் சேந்துட்டேன்" என்று சொன்னால் அப்பா என்ன நினைப்பார்? என்ன புழு என்று கேட்கவே அவருக்குத் தோன்றவில்லை. ஒருவன் மெனக்கெட்டு வெளியூர் போய் வருஷக்கணக்கில் படிக்கிற அளவுக்கு உலகத்தில் இன்னொரு புழு இருக்கும் என்று எங்கள் ஊரில் யாருக்குமே தோன்றியிருக்காது. அப்பா நேராக டீக்கடைக்குப் போனார். அந்த வாரம் முடிவதற்குள் சித்தப்பா பட்டுத்துறையில் பெரிய ஆபீசர் ஆகிவிட்டார்.

சித்தப்பாவாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். அவரிடம் அதுதான் வம்பு. ஒன்று, எதையுமே சொல்லமாட்டார். இல்லாவிட்டால், எல்லாவற்றையும் சொல்வார். நடுவில் நிற்கவே தெரியாது மனுஷனுக்கு.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது அவர் வடகிழக்கு மலைக்காட்டிலிருந்து ஒரு மாத லீவில் வந்தார். கால் முழுக்க அட்டை கடித்த தழும்பு, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வந்த மறுநாளே வாசலில் கூட்டம். ஒருவர் டிபன் பாக்ஸில் புழுவைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார், இன்னொருவர் மல்பெரி இலையில் சுருட்டிக்கொண்டு. "சாரு, இது வெளுத்துப்போயி கெட்டியாயிடுச்சுங்க, என்னா மருந்து போடறது?" சித்தப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்குதுங்க" என்றார். செத்துப்போன புழுவைப் பார்த்து நல்லா இருக்குது என்று சொன்ன ஒரே டாக்டர் அவராகத்தான் இருப்பார். வந்தவர் அதற்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

எனக்கு மானம் போயிற்று. வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவளிடம், எங்கள் சித்தப்பா பார்த்தால் எந்தப் புழுவும் பிழைத்துக்கொள்ளும் என்று நான் அளந்து வைத்திருந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் தண்ணித்தொட்டிக்குப் பக்கத்தில் அவரை மடக்கி, அப்படி என்னதான் படிக்கிறீர்கள் என்று கேட்டேன். உடனே லேப்டாப்பைக் கொண்டுவந்து திறந்தார். சொன்னேனே, சொல்ல ஆரம்பித்தால் எல்லாவற்றையும் சொல்வார்.

அவர் படிக்கிற புழுவின் பெயர் வெல்வெட் புழுவாம். திரையில் பார்த்தால் விரல் நீளத்துக்கு, குட்டை குட்டையாகக் கால் முளைத்த ஏதோ ஒன்று. ஒன்று நீலம், ஒன்று துருப்பிடித்த நிறம், இன்னொன்று கத்தரிக்காய்த் தோல் மாதிரி. தோலைப் பார்த்தால் கல்யாணப் பெண்ணின் வெல்வெட் பிளவுஸ்தான். வாய்க்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பசையைப் பீய்ச்சி, பூச்சியைக் கட்டிப்போட்டுத் தின்னுமாம். ஈரம் இல்லாவிட்டால் காய்ந்து செத்துப்போகுமாம்; அதனால் பகலெல்லாம் மக்கின மரத்தடியிலும் கல்லுக்கடியிலும் கிடக்குமாம். சில இனம் முட்டை இடும், சில இனம் குட்டி போடும். தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று ஒவ்வொரு மழைக்காட்டுக்கும் ஒவ்வொரு விதம். ஓடைக்கு இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் வேறொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான்; உள்ளே ஆராய்ந்தால் உறவே கிடையாதாம். பெயர் வைத்தது கொஞ்சம், இன்னும் யார் கண்ணிலும் படாதது எவ்வளவோ. நம் நாட்டிலோ வடகிழக்கு மலையில் ஒரே ஒரு இனம். அதற்குக் கண்கூடக் கிடையாது.

"பட்டு நூல் வருமா?" என்று கேட்டேன்.

"வராது."

"மருந்துக்கு ஆகுமா?"

"தெரியலயே."

"அப்புறம் எதுக்குத்தான் சித்தப்பா அது?"

"எத்தனை விதம் இருக்குதுன்னு தெரிஞ்சுக்கத்தான்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சரி, பிடித்து வைத்திருக்கும் புழுவையாவது காட்டுங்கள் என்றேன். அவரிடம் புழு கிடையாது. இரண்டு மழைக்காலம் காட்டில் கிடந்து, ஒரே ஒரு தடவைதான் பார்த்தாராம். ஒரு கல்லைப் புரட்டினபோது இருந்ததாம். மழைக்காக நாலு சுற்று பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்திருந்த போனை அவிழ்த்து எடுப்பதற்குள் மண்ணுக்குள் போய்விட்டதாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வேறு. போட்டோவும் இல்லை, புழுவும் இல்லை, இந்த மனுஷனுக்கு ஊரே கும்பிடு போடுகிறது!

எங்கள் வீட்டுப் புழு ஷெட் பெரியத்தையுடையது. அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கட்டிக்கொடுத்த ஊரில் ரொம்ப நாள் இருக்காமல் திரும்பி வந்துவிட்டவள். ஏன் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். வந்த வருஷமே மல்பெரி வைத்து ஷெட்டும் போட்டாயிற்று. அன்றிலிருந்து அத்தைக்கு விடிகாலையில் இலை வெட்டுவது, தட்டில் போடுவது, கழிவை அள்ளுவது, மறுபடியும் இலை வெட்டுவது. இப்படியே ஓடும். கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும், ஒகேனக்கலில் ஆடிப்பெருக்குக்குக் கூப்பிட்டாலும் அவள் பதில் ஒன்றுதான்: "புழு இருக்குதுல்ல." ஷெட்டுக்குள் நாங்கள் நுழைவதென்றால் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் காலை நனைக்கவேண்டும். பக்கத்தில் கொசுவத்தி கொளுத்தக்கூடாது. புழு நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது, கண் பட்டுவிடும். வெளியூர்க் கிருமியோடு வந்திருப்பான் என்று ஆபீசர் சித்தப்பாவைக்கூட அத்தை உள்ளே விடவில்லை. அதற்கு அவர் உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று இப்போது தெரிகிறது.

அந்த மாதம் புழு கடைசித் தோலுரித்து, அசுரப்பசியோடு தின்றுகொண்டிருந்தது. வெளியே நின்றால் இலை தின்கிற சத்தம் தூறல் போடுவதுபோல் கேட்கும். இன்னும் இரண்டு மூன்று நாளில் கூடு கட்டிவிடும். அந்த வருஷம் ஏற்கனவே ஒரு தடவை நோய் வந்து அழிந்திருந்தது. இதுவும் போனால் ஷெட்டையே மூடவேண்டியதுதான் என்று அப்பா சொல்லியிருந்தார்.

ஒரு காலையில் அத்தை போட்ட கூச்சலில் வீடே எழுந்து ஓடியது. நானும் ஓடினேன். தட்டு தட்டாகப் புழுக்கள் தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தன. வாயிலிருந்து பச்சைத் தண்ணீர் கக்கின. துடித்துச் சுருண்டு தட்டிலிருந்து உதிர்ந்து விழுந்துகொண்டே இருந்தன. அத்தை விழுந்ததை எல்லாம் பொறுக்கிப் பொறுக்கி மறுபடி தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடா போன? வாடா இங்க!" என்று அப்பா கத்தினார். சித்தப்பா பல் தேய்த்த வாயோடு வந்தார். அத்தனை அவசரத்திலும் பிளீச்சிங் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு நின்றார். அதற்குள் வாசலில் பாதி ஊர் கூடிவிட்டது. "சாரு வந்துட்டாருங்க, வழி உடுங்க" என்று யாரோ சொன்னார்கள். அத்தை அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"தம்பி, பாருடா. என்னாடா செய்யட்டும்? சொல்லுடா."

சித்தப்பா ஒரு புழுவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலையுங்கள், சுண்ணாம்பு தூவச் சொல்லுங்கள், ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள் என்று நான் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

"எனக்குத் தெரியாதுக்கா" என்றார்.

அத்தோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "நான் படிக்கறது இது இல்லக்கா" என்று ஆரம்பித்தார். அத்தனை பேர் முன்னாலும், புழு செத்து விழுந்துகொண்டிருக்கும்போது, மழைக்காடு, மக்கின மரம், கண்ணில்லாத இனம் என்று எல்லாவற்றையும் சொன்னார். அவரைப் போல ஒரு ஆளை எங்கே போய்ப் பார்ப்பது! கூட்டத்தில் ஒருவர், "அப்ப எங்க புழுவையெல்லாம் எதுக்குங்க வாங்கிப் பாத்தீங்க?" என்று கேட்டார். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "ஒண்ணுத்துக்கும் ஆவாத புழுவுக்கா இத்தினி வருசம்? போதும்டா உன் படிப்பு. மூட்டைய இங்கயே போடு. நாளையிலருந்து தோட்டத்துக்கு வா" என்றார். சித்தப்பா சரி என்று தலையை ஆட்டினார்.

மத்தியானம் பட்டுத்துறையிலிருந்து நிஜமான ஆபீசர் பைக்கில் வந்தார். உள்ளே ஒரு சுற்றுப் பார்த்தார், மிச்ச இலையை எடுத்து முகர்ந்தார். "பக்கத்துல எதுக்காச்சும் மருந்து அடிச்சீங்களா?" என்று கேட்டார். மல்பெரிக்குப் பக்கத்தில் இருந்தது எங்கள் சாமந்தித் தோட்டம். இரண்டு நாளைக்கு முன்னால் காற்று வீசின நேரத்தில் மருந்தடித்தது அப்பா. காலையில் அவ்வளவு கத்தினவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். அத்தை அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. யாராவது யாரையாவது திட்டினால்தானே ஒரு வழிக்கு வரும்?

செத்த புழுவையெல்லாம் கூடை கூடையாக அள்ளிக் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். சித்தப்பாதான் குழி வெட்டினார். பொழுது சாயும்போது அத்தை ஷெட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். இலை வெட்டப் போகிற நேரம் அது. போவதற்கு வேலை இல்லை. சித்தப்பா கையைக் கழுவிக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். பரீட்சையில் பெயிலானவர் மாதிரி இருந்தார். நான் அவர்மேல் கோபமாக, ஆனால் போகவும் மனசில்லாமல், அத்தையை ஒட்டி நின்றேன்.

அத்தை, "அந்தப் புழு எப்படிடா இருக்கும்?" என்றாள்.

சித்தப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். அத்தை வெண்பட்டு, மஞ்சள்பட்டு என்று பட்டுப்புழுவிலேயே இரண்டு ஜாதி பார்த்தவள். ஓடைக்கு ஓடை வேறு வேறு ஜாதி என்றதை உடனே பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அதுக்கு யாரு தீனி போடறது?"

"யாரும் போடறதில்லக்கா. அதுவே தேடித் தின்னுக்கும்."

"நோவு வந்தா?"

"அதுவே பாத்துக்கும்."

"யாரும் பாத்துக்கலன்னாலும் உசுரோட இருக்குதா?"

"மனுசன் பொறக்கறதுக்கு முந்தியே இருக்குதுக்கா. டைனோசருக்கும் முந்தி."

அத்தை நகக்கண்ணில் ஏறியிருந்த இலைக்கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடியும், "யாருமே தீனி போடாமயேவா?" என்றாள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஐயோ அத்தை! எத்தன தடவ சொல்றது? அதுக்கு யாரும் வேணாம். அதுவும் யாருக்கும் வேணாம். புரியுதா, இல்லயா?" என்று கத்திவிட்டேன்.

ஓங்கி ஒன்று வைப்பாள் என்று பார்த்தேன். அத்தை திரும்பி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "புரியுது கண்ணு" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் வாய் சிரித்த மாதிரி இருந்தது. சித்தப்பாவிடம், "நீ போய் அதையே தேடு. உங்கண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன். கண்டுபிடிச்சா எனக்குப் போட்டோ அனுப்பு" என்றாள்.

இத்தனை கூத்துக்கும் காரணமான சித்தப்பாவுக்குத் தண்டனை இல்லாமல் போனதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. புழு இருக்குதுல்ல என்று எந்த ஊருக்கும் போகாத அத்தை மறுநாள் தலை குளித்துப் புதுப்புடவை கட்டிக்கொண்டு, யாரிடமும் எங்கே என்று சொல்லாமல் தருமபுரி பஸ்ஸில் ஏறிப் போனபோது, துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றே முடிவு கட்டினேன். சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பி வந்து, "சும்மா சுத்திட்டு வந்தேன்" என்றாள். அவள் படியில் உட்கார்ந்து அத்தனை தடவை திருப்பித் திருப்பிக் கேட்டது புழுவைப் பற்றி என்றுதான் அப்போது நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.