அந்தோனிப்பிள்ளையின் வெளி அடுப்பு

"மாஸ்டர், இவர் காலமை போயிட்டார்." தொலைபேசியில் ஸ்டெல்லா அழுது முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு, "புறூனோ கதவடியை விட்டு அசையிறானில்லை" என்றார். அந்தோனிப்பிள்ளையின் மனைவி அவர். புறூனோ அவர்களுடைய நாய்.

மொன்றியலில், கார்ட்டியர்வில் பக்கத்துத் தமிழரில் அந்தோனிப்பிள்ளையை அறியாதவர் குறைவு. பாரவண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர். எந்த விழா மண்டபத்தில் என்னைக் கண்டாலும், "என்ன மாஸ்டர், கூட்டி முடிஞ்சுதோ?" என்று உரக்கக் கேட்பார். பக்கத்தில் நிற்கும் நீங்களெல்லாம் சிரிப்பீர்கள். நானும் சிரித்து மழுப்புவேன். அதன் காரணத்தை இன்று சொல்லிவிடுகிறேன்.

2003 கோடையில் நான் கல்கரியில் மகன் வீட்டில் இருந்தேன். அதே நகரில் இருந்த அந்தோனிப்பிள்ளையின் மகள், நாய் வைத்திருக்க முடியாத தொடர்மாடிக்கு மாறினாள். அவள் வளர்த்த புறூனோவைப் பொறுப்பெடுக்க வந்த அவருக்கு, அதைப் பெட்டிக்குள் அடைத்து விமானத்தில் ஏற்ற மனமில்லை. படுக்கையும் அடுப்பும் உள்ள பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கி, "வாங்கோ மாஸ்டர், தரையால வீட்டை போவம்" என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்.

நான் மரக்கறி மட்டும் உண்பவன். முதல் நாளே, கிறிஸ்தவரான அவர் என் சட்டியைத் தனித் தட்டில் வைத்தார். "நீங்கள் சைவம், நான் வேதம், இவன் ஒண்டுமில்லை. சண்டை பிடிக்காமல் போய்ச் சேருவம்."

இரண்டாம் நாள் என் சட்டி மூடியில் நாய் மயிர் ஒன்று கிடந்தது. அன்றிலிருந்து மூடியை நூலால் கட்டினேன். நூல் அறவேயில்லை, என் சந்தேகமும் அறவில்லை. அது நாயிலிருந்து எசமானுக்குத் தாவியது. வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு மாலையும் அவர் ஒரு பையை எடுத்துக்கொண்டு நாயோடு இறங்குவார். "இவனை உலாத்திப்போட்டு வாறன். நீங்கள் வராதேங்கோ, நுளம்பு கடிக்கும்." ஒரு மணி நேரம் கழித்து வேறு சட்டையோடு வருவார். வாயில் புதினா வாசம். முப்பது வருடம் வகுப்பில் நின்றவன் நான். இடைவேளை முடிந்து ஏலக்காய் மென்றபடி வருகிறவன் எதை மறைக்கிறான் என்று எனக்குத் தெரியாதா?

சுப்பீரியர் ஏரிக்கரை வளைவொன்றில் வண்டி சற்று ஓரம் போனது. கீழே பாறை, அதற்குக் கீழே தண்ணீர். "நித்திரையோ?" என்றேன்.

"இல்லை மாஸ்டர், காத்து. றோட்டை நம்பலாம், றோட்டில வாறவனைத்தான் நம்பேலாது."

அந்தப் பேச்சை அவர்மீதே பொருத்திப் பார்த்தேன். அடுத்த பெற்றோல் நிலையத்திலிருந்து மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன். "குடிச்சுப்போட்டு வண்டி ஓடுறவரோட ஏன் வாறியள்? பேசாமல் பஸ்ஸைப் பிடியுங்கோ" என்றாள்.

அன்று மாலை அவர் இறங்கியதும் என் பெட்டியை அடுக்கி வாசலில் வைத்தேன். ஆனாலும் விடைத்தாளைப் பார்க்காமல் புள்ளி போடக் கூடாதல்லவா? பின்னால் போனேன்.

மரங்களுக்கு அப்பால் ஒரு மேசை. அதன்மேல் சின்ன வாயு அடுப்பில் பன்றியிறைச்சி சொசேஜ் பொரிந்துகொண்டிருந்தது. அவருக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று. தின்று முடித்து, தாச்சியைக் கழுவி, சட்டையை மாற்றி, பல் விளக்கினார். பிறகு ஈரத்துணியால் புறூனோவின் மீசையைத் துடைத்தார். "வாயைக் காட்டடா. மாஸ்டருக்கு மணக்கக் கூடாது."

அவர்களுக்கு முந்தி ஓடி வந்தேன். பெட்டியை மறந்துவிட்டேன்.

"என்ன மாஸ்டர், பெட்டி வாசல்ல நிக்குது?"

"உள்ளுக்குக் கூட்டினனான்" என்றேன். என் கையில் கூட்டுகிற தும்புத்தடி இல்லை. சப்பாத்தில் புதுச்சேறு இருந்தது. இரண்டையும் பார்த்தார். பெட்டியைத் தானே தூக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார்.

"கூட்டினது காணும். சோத்தைப் போடுங்கோ."

மொன்றியல் வரும்வரை வேறொன்றும் கேட்கவில்லை. ஆறு வருடங்களாக நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் என்னைப் பகிடி பண்ணியதையே மன்னிப்பாக எடுத்துக்கொண்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஸ்டெல்லாவிடம் போய் நாயையும் அந்த அடுப்பையும் கேட்டேன். "நாயோ? நீங்களோ?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். சந்தேகப்பட அவருக்கு உரிமை உண்டு.

எங்கள் அடுப்படிக்குள் இன்றும் மாமிசம் வராது. ஆகவே மாலையில் பின்வளவுப் பனியில் அந்த அடுப்பை மூட்டுகிறேன். ஒரு சொசேஜ் பொரிகிறது. தின்று முடித்ததும் புறூனோ தானாகவே வாயை நீட்டுகிறான்; ஈரத்துணியால் துடைக்கிறேன்.

யன்னலைத் திறந்து மனைவி கேட்கிறாள்: "அங்கை என்னப்பா செய்யிறியள்?"

"கூட்டுறன்" என்கிறேன்.