இன்னும் பிறக்காத மனைவி

எனக்குச் சந்தேக புத்தி. மறைத்துப் பயனில்லை. தருமபுரியில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த பிறகு அது முற்றிவிட்டது. டைப் அடித்து முடித்ததும் ஒருத்தர் மூலத்தைப் படிப்பார், இன்னொருத்தர் நகலில் விரல் வைத்துச் சரிபார்ப்பார். ஒரு சொல் கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் மேலே இருப்பவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். வருடக்கணக்கில் அப்படியே பழகிப்போனதால் பால்காரர் மாடு கன்று போட்டிருக்கிறது என்று சொன்னால்கூட, எப்போது, என்ன கன்று என்று கேட்டுவிட்டுத்தான் பாத்திரத்தை நீட்டுவேன். "நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும்" என்பார் என் கணவர்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். கீழே முன்பக்கம் வீட்டுக்கார அம்மா. இண்டூர்ப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். கணவர் போன பிறகு டவுனுக்கு வந்துவிட்டார். கீழே பின்பக்கம் நாங்கள். மாடியில் ஒற்றை அறையில் தையல் மெஷினோடு ஓர் அக்கா தனியாக இருந்தாள். அவள் கணவர் வடக்கே ஏதோ கம்பெனியில் வேலையாக இருப்பதாகவும், கல்யாணமான புதிதில் மூன்று வருடம் அவரோடு அங்கே குடித்தனம் செய்துவிட்டு, தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் திரும்பி வந்ததாகவும் சொல்லியிருந்தாள். "குடும்பமா இருக்கறவங்களுக்குத்தான் வூடு" என்பது வீட்டுக்கார அம்மாவின் சட்டம். தனியாக வந்த அக்காவுக்கு அவர் சாவியைக் கொடுத்ததே அந்த மூன்று வருடத்தை நம்பித்தான்.

டிவி வீட்டுக்கார அம்மா வீட்டில் இருந்தது. ஞாயிறு காலையில் பூசை முடிந்து நான் மாதா கோவிலிலிருந்து வந்து சேரவும் அந்தத் தொடர் ஆரம்பிக்கவும் சரியாக இருக்கும். கண்ணாடி போட்ட விஞ்ஞானி ஒருவன், பீரோ மாதிரி ஒரு மெஷினுக்குள் நுழைந்து கதவைச் சாத்துவான். திறந்தால் வேறு காலம். ஒரு வாரம் ராஜா காலம், இன்னொரு வாரம் வெள்ளைக்காரன் காலம். எல்லாம் ஹிந்தியில். எங்களில் யாருக்கும் ஹிந்தி தெரியாது. முதல் வாரமே வீட்டுக்கார அம்மா, "வடக்க இருந்தவளாச்சே, என்ன சொல்றான்னு சொல்லு" என்று மாடி அக்காவை டிவிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். அன்றிலிருந்து அவள் சொன்னதுதான் எங்களுக்குக் கதை.

எனக்கு நாலாவது வாரமே உறுத்த ஆரம்பித்தது. விஞ்ஞானி இரண்டே சொல் பேசுவான். அக்கா இரண்டு நிமிடம் சொல்லுவாள். ராஜா கோபமாகக் கத்துவான். அக்கா அதில் ஒரு ஊர்க்கதையே சொல்லி முடிப்பாள். சில சமயம் அவன் வாயைத் திறக்கும் முன்பே இவள் ஆரம்பித்துவிடுவாள். மூலத்தைவிட நகல் நீளமாக இருந்தால் எந்த டைப்பிஸ்டுக்கு நெஞ்சு பொறுக்கும்? நான் சுருக்கெழுத்து படித்தவள். சுருக்கெழுத்தில் அர்த்தம் தெரிய வேண்டியதில்லை, சத்தம் கேட்டால் போதும். சமையல் குறிப்பு எழுதுகிறேன் என்று சொல்லி ஒரு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, டிவியில் கேட்கிற ஹிந்தியை அப்படியே கோடு கோடாகக் கிறுக்க ஆரம்பித்தேன். அக்கா அந்த நோட்டை ஓரக்கண்ணால் பார்ப்பது எனக்குத் தெரியும். அதைக்கூட என் சந்தேகத்துக்குச் சாட்சியாகவே சேர்த்துக்கொண்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் காதல் வாரம் வந்தது. விஞ்ஞானி முந்நூறு வருடம் பின்னால் போய், ஆற்றங்கரையில் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். பூப்பறிக்கிறாள், தண்ணீர் மொள்ளுகிறாள், அவன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். கடைசியில் மெஷினில் விளக்கு எரிகிறது. அவன் ஏதோ சொல்கிறான், அவள் அழுதுகொண்டே ஏதோ சொல்கிறாள், ஆள் மறைந்துவிடுகிறான். அக்கா சொன்னாள்: "எனக்கு ஊர்ல பொண்டாட்டி இருக்குது. வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பா. நான் போயே ஆகணும்னு சொல்றான்."

அத்தனை வாரமாக மனைவி என்ற பேச்சே கிடையாது. வீட்டுக்கார அம்மாதான் முதலில் வெடித்தார். "அடப்பாவி, வூட்டுல ஒருத்திய வெச்சுக்கிட்டா இங்க வந்து பல்ல இளிச்சான்?"

ஒரு வாரம் முழுக்க குழாயடியில் அதே பஞ்சாயத்துதான். எதிர்வீட்டில் கன்னடம் பேசுகிற ஒரு பெண் இருந்தாள், எங்களோடு உட்கார்ந்து பார்ப்பவள். அவள் விஞ்ஞானியின் கட்சி.

"அவன் பொண்டாட்டி இன்னும் பொறக்கவே இல்லீங்களே! முந்நூறு வருசம் கழிச்சில்ல பொறப்பா? பொறக்காதவளுக்கு என்ன துரோகம்?"

"பொறக்காட்டி என்ன? தாலி கட்டினவன் கட்டினவன்தான்" என்றார் வீட்டுக்கார அம்மா.

"கட்டவே இல்லீங்களே. இனிமேத்தானே கட்டப் போறான்?"

"கட்டிட்டுத்தானே மெஷினுல ஏறினான்? ஏறயில கட்டியிருந்தா, எறங்கயில அவுந்துருமா?"

எதிர்வீட்டுப் பெண் அன்றைக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் மறுநாள் காலையில் குடத்தோடு வந்தபோது புதிதாக ஒன்று கொண்டுவந்தாள்: அந்த ஆற்றங்கரைப் பெண்தான் முதலில் பிறந்தவள், ஆகவே அவள்தான் மூத்த தாரம், வீட்டில் இருக்கிறவள் இளையவள். வீட்டுக்கார அம்மா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அக்கா இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே இல்லை. ஒரே ஒரு தடவை, மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், "திரும்பிப் போனான் இல்லீங்களா, அதப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

நான் மனைவியையே நம்பவில்லை. விஞ்ஞானியின் அறையை எத்தனையோ வாரம் காட்டியிருக்கிறார்கள். கட்டிலில் ஒற்றைத் தலையணை. ஒரு தடவை சட்டைப் பொத்தானை அவனே தைத்துக்கொண்டிருந்தான். மனைவி இருக்கிற வீடா அது?

எங்கள் பங்குக் கோவிலை ஒட்டியிருந்த கன்னியர் மடத்து மருந்தகத்துக்கு ராஞ்சிப் பக்கத்திலிருந்து ஒரு சிஸ்டர் புதிதாக வந்திருந்தார். ஹிந்திதான் பேச்சு. தமிழில் 'வணக்கம்', 'காய்ச்சலா?' இரண்டும்தான் அப்போது தெரியும். மற்றபடி என்னோடு இங்கிலீஷில் பேசுவார். ஒரு மாலை மருந்தகத்தில் நோட்டைப் பிரித்து, அந்தக் காதல் வாரத்தில் நான் கிறுக்கியிருந்ததைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். சிஸ்டருக்கு முதலில் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். அவன் சொல்வது: 'மறுபடியும் வருவேனா என்று எனக்குத் தெரியாது, மெஷின் என் பேச்சைக் கேட்காது.' அவள் சொல்வது: 'அப்படியானால் இன்னும் கொஞ்ச நேரம் இரு.' அவ்வளவுதான். மனைவி என்ற சொல்லே அதில் இல்லை.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பிழையைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். வாய் சும்மா இருக்கவில்லை. மறுநாள் குழாயடியில் வீட்டுக்கார அம்மாவிடம், "அக்காவுக்கு ஹிந்தி சுத்தமா தெரியாது போலிருக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். நான் நினைத்ததெல்லாம் கதையைப் பற்றித்தான். அவர் குடத்தைக் கீழே வைத்தார்.

"மூணு வருசம் வடக்க குடித்தனம் பண்ணினேன்னு சொன்னாளே. அப்ப அந்த மூணு வருசம் எங்க இருந்தா?"

அவர் என் பக்கமாக நெருங்கி வந்தார்.

"புருசன் இருக்கறானா இல்லையா? எவளுன்னு தெரியாம வூட்ட குடுத்துட்டனா? உங்க சிஸ்டர வர்ற ஞாயித்துக்கெழம கூட்டியாம்மா. டிவி பாக்கத்தான்னு சொல்லு. அவ பொய்யின்னா அன்னிக்கே சட்டி பானைய எடுத்து வெளிய வெச்சுருவேன்."

கூட்டி வராமல் இருந்திருக்கலாம். சிஸ்டருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு சாக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் உள்ளே ஒரு மூலையில் எனக்கும் பார்க்க வேண்டும்போல இருந்தது. மடத்துத் தலைவியான மதரிடம் அனுமதி வாங்கி சிஸ்டரை அழைத்து வந்தேன்.

அக்கா வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தாள். "இந்த சிஸ்டரும் ஹிந்திக்காரங்கதான். பேசு, பேசு" என்றார் வீட்டுக்கார அம்மா, சிரித்துக்கொண்டே. சிஸ்டர் சந்தோஷமாக அக்காவிடம் ஹிந்தியில் ஒரு வாக்கியம் சொன்னார். கேள்வி என்று குரலிலேயே தெரிந்தது. அக்கா தலையை ஆட்டினாள். சிஸ்டர் இன்னொன்று கேட்டார். அதற்கும் தலையை ஆட்டினாள். சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் தொடர் ஆரம்பித்துவிட்டது, நல்லவேளை.

அன்றைக்கு அக்கா மிகவும் குறைவாகத்தான் சொன்னாள். 'வர்றேங்கறான்.' 'வேண்டாங்கறா.' மடியில் கைகளைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். நான் டிவியைப் பார்க்கவில்லை, அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவளுக்கு ஹிந்தி தெரியாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. இதை ஒரு மாதம் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

தொடர் முடிந்தது. வீட்டுக்கார அம்மா டிவியை நிறுத்தினார்.

"சிஸ்டர் கிட்ட கேளும்மா. இவ சொல்றதெல்லாம் சரிதானான்னு கேளு."

அந்த அறையில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் நானும் சிஸ்டரும்தான். ஆனால் 'யெஸ்'ஸும் 'நோ'வும் எல்லாருக்கும் தெரியும். நான் சிஸ்டரிடம் திரும்பி, கதை உங்களுக்குப் பிடித்திருந்ததா என்று இங்கிலீஷில் கேட்டேன்.

"யெஸ், யெஸ்! வெரி குட்!" என்றார் சிஸ்டர்.

எதிர்வீட்டுப் பெண் கைதட்டினாள். வீட்டுக்கார அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், அக்காவை ஒரு பார்வை பார்த்தார். "சரி, காப்பி போடறேன்" என்று எழுந்து போனார்.

மடத்தில் விடப் போகும்போது சிஸ்டர் இங்கிலீஷில், "அவங்களுக்கு ஹிந்தி தெரியாது, இல்லையா?" என்று கேட்டார். "தெரியாது சிஸ்டர்" என்றேன்.

திரும்பி வந்து நேரே மாடிக்கு ஏறினேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டவளின் மிதப்போடுதான் ஏறினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அக்கா மெஷினில் உட்கார்ந்திருந்தாள், தைக்கவில்லை.

"பயப்படாதீங்கக்கா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "வடக்கெல்லாம் நான் போனதே இல்லீங்க. புருசன் ஒரு மாசம் என்கூட இருந்துட்டுப் போனவன்தான். மூணு வருசம் ஏரியூர்ல அண்ணன் வூட்டுல இருந்தேன். அண்ணி போடற சோத்த எண்ணிப் போடுவா. அண்ணன் குடிச்சுட்டு வந்தா கை நீட்டுவான். புருசன் விட்டுட்டுப் போனவளுன்னு சொன்னா யாருங்க வூடு குடுப்பாங்க? அதான் அப்படிச் சொன்னேன். சொன்ன பாவத்துக்கு டிவிக்கு முன்னாடி உக்கார வெச்சுட்டாங்க."

"அந்தப் பொண்டாட்டிய எதுக்கு அக்கா சேத்தீங்க?"

"எவனாவது ஒருத்தன் பொண்டாட்டிய நெனச்சுத் திரும்பிப் போவட்டுமேன்னுதான்."

அப்போது அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"அந்த சிஸ்டர் கிட்ட இங்கிலீசுல என்ன கேட்டீங்க?"

"கதை பிடிச்சுதான்னு கேட்டேன்."

"அத நான் எப்படிங்க நம்பறது?"

"உங்களுக்காகத்தான் அக்கா மாத்திக் கேட்டேன்."

"இத்தன வாரமா மடியில நோட்ட வெச்சுக்கிட்டு எழுதுனீங்க. அந்தம்மா கிட்ட சொல்லி சிஸ்டரக் கூட்டியாந்ததும் நீங்கதான். இன்னிக்கு ஒரு மாதிரி கேட்டீங்க. நாளைக்கு ஒரு சண்டை சச்சரவு வந்தா வேற மாதிரி கேப்பீங்க. நான் ஒவ்வொரு நாளும் உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே இங்க இருக்க முடியுங்களா?"

சத்தியம் செய்தேன். மாதாவின் மேல் ஆணையாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிறுக்கு முன்பே, கணவரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது, வந்து சேரச் சொல்லி எழுதியிருக்கிறார் என்று வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அவருக்கு ஒரே சந்தோஷம். சந்தேகப்பட்டோமே என்ற கூச்சமும் இருந்திருக்கும். முறுக்கு சுட்டு டப்பாவில் போட்டுக் கொடுத்தார், தலை நிறையப் பூ வைத்து அனுப்பினார். "பாஷை தெரிஞ்ச புள்ள, எங்க போனாலும் பொழச்சுக்கும்" என்று எல்லாரிடமும் சொன்னார். தையல் மெஷினை அவள் விற்றுவிட்டாள். ஸ்டேஷன் வரைக்கும் வருகிறேன் என்ற எதிர்வீட்டுப் பெண்ணை வேண்டாமென்று தடுத்துவிட்டாள்.

அன்று மதியம் ஒரு தபாலைச் சேர்க்க பஸ் ஸ்டாண்ட் வழியாகப் போனேன். ஏரியூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஜன்னலோரத்தில் அக்கா, மடியில் டப்பாவோடு. தலையிலிருந்த பூவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் கிட்டே போவதற்குள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பஸ் போய்விட்டது.

அவள் எந்த வீட்டுக்குப் பயந்து தருமபுரிக்கு வந்தாளோ, அந்த வீட்டுக்கே நான் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தேன்.