பூவராகவன் பெயரில் கொடுத்த ரத்தம்

மணவாளனுக்கு முடியாது என்று சொல்ல வராது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் பதினொரு வருஷமாக ஒப்பந்தத் தொழிலாளி. ஷிஃப்ட் மாற்றிக்கொள் என்றால் மாற்றிக்கொள்வான். பொன்னேரியிலிருந்து வருகிறவர்களுக்கு ரயில் தாமதமானால் அவர்கள் அட்டையையும் சேர்த்து இவனே பஞ்ச் அடித்துவிடுவான். மேஸ்திரிக்குத் தெரியும், மெஷினுக்குத்தான் தெரியாது. மணவாளன் போல ஒரு மனுஷன் உண்டா என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படிச் சொல்வது அவனுக்குப் பிடித்தும் இருந்தது, அதை மறைப்பானேன்.

போன ஐப்பசியில் ஒப்பந்தக்காரர் ஆலை வாசலில் மருத்துவ முகாம் வைத்தார். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்காதவனுக்கு வேலை அட்டை புதுப்பிக்க மாட்டார்கள் என்று பேச்சு அடிபட்டது. கூட வேலை செய்யும் பூவராகவன் அவனை ஓரமாக இழுத்துப் போனான்.

"மச்சான், ஊசின்னா எனக்கு மயக்கமே வந்துரும். என் பேருக்கும் நீயே குத்திக்கயேன்."

"இதுக்கு இன்னாத்துக்குடா மூஞ்ச இப்டி வச்சிக்கினு கீற? குடு டோக்கன."

இடது கையில் தன் பெயருக்கு. அரை மணி கழித்து வலது கையில் பூவராகவன் பெயருக்கு. இதுவும் ஒரு பஞ்ச் என்றுதான் மணவாளன் நினைத்தான். ரிப்போர்ட் வந்தது: சர்க்கரை இல்லை, காமாலை இல்லை, எச்.ஐ.வி. இல்லை. பூவராகவன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். அந்தத் தாளை லேமினேட் கூடச் செய்துகொண்டான். பைத்தியக்காரன் என்று மணவாளன் சிரித்தான்.

மார்கழியில் பூவராகவனின் மேல் ஈறில் ஒரு கட்டி வந்தது. பல் டாக்டர் பல்லைப் பிடுங்கினார். பல் போன இடத்தில் கட்டி இன்னும் வேகமாக வளர்ந்தது. சதையைக் கிள்ளி அனுப்பியதில் பிளாஸ்மா செல்லில் வரும் புற்றுநோய் என்று வந்தது. அந்தச் செல்லில் பல நோய்கள் உண்டாம், பார்க்க எல்லாம் ஒன்று போலவே இருக்குமாம். எந்த நோய் என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று தெரியும்.

சென்னை ஆஸ்பத்திரிக்கு மணவாளனும் துணைக்குப் போனான். டாக்டரம்மா, "எச்.ஐ.வி. பரிசோதனை எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார். பூவராகவனின் மனைவி ஹேமாவதி பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினாள். மணவாளனுக்கு வாய் வரை வந்தது. சொன்னால் வேலை போகுமோ, இவனுக்கு அப்படியென்ன இருந்துவிடப் போகிறது என்று விழுங்கிக்கொண்டான். பூவராகவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் தேதியைப் பார்த்து, எழுதிக்கொண்டு, கதிர்வீச்சு சிகிச்சைக்கு அனுப்பினார்.

கட்டி கரைந்தது. ஐந்தே வாரத்தில் கழுத்தில் எழும்பியது. டாக்டர் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"நாங்க நெனச்ச வகை இவ்வளவு வேகமா போகாது. வைரஸோட சேர்ந்து வர்ற ஒரு அபூர்வ வகை இருக்கு. எதிர்ப்பு சக்தி போனவங்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். ஆனா இவருக்குத்தான் ரிப்போர்ட் சரியா இருக்கே."

மணவாளன் அந்த ரிப்போர்ட்டின் மேல் விரலை வைத்தான்.

"மேடம், அது என் ரத்தம்" என்றான்.

ஹேமாவதிக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு எல்லாம் இரண்டு வாரத்தில் தெரிந்துவிட்டது. பூவராகவனுக்கு எச்.ஐ.வி. இருந்தது. பழைய சதையை எடுத்து மறுபடி சாயமேற்றிப் பார்த்ததில் டாக்டர் சொன்ன அந்த இன்னொரு வைரஸும் இருந்தது. பிளாஸ்மாபிளாஸ்டிக் லிம்போமா என்று எழுதினார்கள். மணவாளனால் அதை ஒருமுறைகூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. நோய் அதற்குள் எலும்புக்குப் போயிருந்தது. "மருந்து இருக்கு, கடுமையான மருந்து. முதல்லயே தெரிஞ்சிருந்தா..." என்று சொல்லி டாக்டர் நிறுத்திக்கொண்டார். மணவாளனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஹேமாவதியும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார்கள். அவள் உள்ளே போனாள். இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"உனுக்கு முன்னாடியே தெரியுமாடா?"

"டவுட்டு இருந்திச்சி. நாலு வருசமா. பயந்துகினுதான் உன்ன குத்திக்க சொன்னேன்." வீங்கிய வாயில் வார்த்தைகள் குழறின. "அப்பறம் ரிப்போர்ட்டு வந்திச்சில்ல, ஒண்ணியும் இல்லன்னு? என் பேரு போட்டிருந்திச்சி மச்சான். நானே நம்பிட்டேன்."

அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. மணவாளன் இரண்டும் செய்யவில்லை.

கதவு திறந்தது. ஹேமாவதி முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்தாள்.

"ரிப்போர்ட்டு வர ரெண்டு மணி நேரம் ஆவுமாம். உனுக்கு ஷிஃப்ட் கீதில்ல, நீ போண்ணா" என்றாள்.

மணவாளன் போகவில்லை. இருந்து செய்வதற்கும் அவனிடம் ஒன்றுமில்லை.