குறுக்கால போறம்

கரடியனாற்றுக்கு அப்பால் பஸ் பழுதாகி நின்ற மாலையில், கூட வந்த ஒரு அம்மாவோடு நடக்கத் தொடங்கினேன். ஒல்லியானவர்; சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தார். வளைவில் தனியன் யானையொன்று ரோட்டை மறித்து நின்றது. அவர் என்னை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார்.

தடமே இல்லை. முள் கிழித்தது. பின்னால் கிளை முறியும் சத்தம் கேட்டது. அவர் அடிக்கடி நின்று, காதுகொடுத்துக் கேட்டுவிட்டே நடந்தார்.

"வழி தவறிட்டமா அம்மா?"

"அந்தச் சொல்லக் காட்டுக்க சொல்லாத புள்ள. குறுக்கால போறம் எண்டு சொல்லு."

சொன்னேன்.

"இன்னொருக்காச் சொல்லு."

சொல்லச் சொல்ல என் நடை உறுதியானது.

இருட்டுமுன் ஒரு வயல் வட்டையின் வரம்பில் ஏறினோம். எதிரே வீட்டு விளக்குகள் தெரிந்தன.

"இந்தக் காடு உங்களுக்கு நல்ல பழக்கம் போல," என்றேன்.

"எனக்கா? நான் மண்டூர். மகள்ற புது வீட்டப் பாக்க வந்தன். இந்தப் பக்கமே இண்டைக்குத்தான் வாறன்."

சொல்லிவிட்டு வரம்பிலேயே குந்தி, வாய்விட்டு அழுதார். நானும் பக்கத்தில் குந்தி அவர் முதுகைத் தடவினேன். அவ்வளவு பயத்தையும் உள்ளே வைத்துக்கொண்டு எப்படி முன்னால் நடந்தாரென்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.