கடைக்குட்டியின் முதுகுப்பை

மலையேறும் கூட்டத்தில் வயதில் சின்னவள்தான் பானையைத் தூக்க வேண்டும். தென்கொரியாவின் குவாங்ஜு நகரத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. நால்வர் கொண்ட அந்தக் கூட்டத்தில் தாக் போங்ரே ஐம்பத்தெட்டு வயதிலும் கடைக்குட்டி. குக் ஏரான் அவளைவிட ஒரே ஒரு வயது மூத்தவள். அந்த ஒரு வயதின் தயவில் ஏரானின் பையில் வெள்ளரிக்காயும் சாப்பிடும் குச்சிகளும் மட்டும் இருக்கும். பானை, அடுப்பு, அரிசி, காரமாக ஊறவைத்த முட்டைக்கோஸ் கிம்ச்சி எல்லாம் போங்ரேயின் முதுகில்.

போன குளிர்காலத்தில் போங்ரே இறந்துபோனாள். இப்போது ஏரான்தான் கடைக்குட்டி. பானை அவள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நினைவு வருவது ஜிரிசான் மலைக்குப் போன அந்த வருடம்தான்.

நால்வரும் ஒரே பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தவர்கள். துடுப்பு மாதிரி நீளமான கரண்டியால் அண்டா அண்டாவாகக் கிளறிக் கிளறி எல்லோருக்கும் தோள் போயிருந்தது. போங்ரேக்குத்தான் ரொம்ப மோசம். அந்த வசந்தத்தில் வலது தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். இலையுதிர்காலத்தில் ஜிரிசானுக்குப் போய், உச்சிக்குக் கீழே உள்ள தங்குமிடத்தில் ஒரு இரவு தங்குவதென்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். மூத்தவளான யோம் பில்சுக் சமையலறைக்கே தலைமையாக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் அவள் குரலில் அந்த அதிகாரம் அப்படியே இருந்தது.

"இந்தத் தடவை நீ கையை வீசிக்கிட்டு வா. பானையை நாங்க பாத்துக்கறோம்," என்றாள் போங்ரேயிடம்.

"கையை வீசிக்கிட்டு வர்றதுக்கு நான் என்ன உங்க மாமியாரா?"

"அப்படின்னா வீட்டுலயே இரு."

போங்ரே அன்று சாயங்காலமே ஏரானைத் தொலைபேசியில் பிடித்தாள். "அக்கா, டாக்டர் என்ன சொன்னாரு? தோள்ல பாரம் ஏத்தாதேன்னாரு. இடுப்பைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாரா? இடுப்புல பாரம் உக்கார்ற மாதிரி ஒரு பை இருந்தா நான் தூக்கலாமில்ல?"

"பெரியக்கா ஒத்துக்கணுமே."

"நீங்க பாத்துட்டுச் சொன்னா ஒத்துக்குவாங்க. உங்களுக்குத்தான் பொய் சொல்ல வராதே."

அது உண்மைதான். இன்னொன்றும் உண்மை: போங்ரேக்கு வலித்தால் ஏரானுக்குத் தெரிந்துவிடும். வலிக்கும்போது போங்ரே வாயை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு மெட்டை முனகுவாள். கொதிக்கிற எண்ணெய் மணிக்கட்டில் தெறித்த நாளில்கூட முனகிக்கொண்டே முந்நூறு பிள்ளைகளுக்குப் பரிமாறி முடித்தாள். வெளியாட்கள் கேட்டால் ஏதோ சந்தோஷமாக இருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

மூதுங்சான் மலையடிவாரத்தில் பேருந்து திரும்பும் தெருவில் வரிசையாக மலையேற்றச் சாமான் கடைகள். அதில் ஒன்றுக்குள் போங்ரே ஒரு தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு ஏரானோடு நுழைந்தாள். வண்டியில் பானை, அடுப்பு, ஒரு சின்ன அரிசி மூட்டை, நிறைய கிம்ச்சி அடைத்த டப்பா.

கடைக்காரர் பதறிப்போனார். "அம்மா, எதுக்கு இதெல்லாம்? எடை பாக்கறதுக்கு எங்கிட்ட மணல் பை இருக்கு."

"மணலை மலை மேல யாரு சாப்பிடுவா, முதலாளி? நான் எதைத் தூக்கப் போறேனோ அதை வெச்சுத்தானே பாக்கணும்."

"கிம்ச்சி மட்டும் வேணாமே. புதுப் பை. ஒரு சொட்டு ஒழுகினாலும் வாசனை போகவே போகாது."

"மூணு உறை போட்டுக் கட்டியிருக்கேன். என் கிம்ச்சி ஒழுகினதா சரித்திரமே இல்லை."

ஏரான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சரித்திரம் உண்டு. ஒருமுறை பேருந்தில் டப்பா பொங்கி, முன்சீட்டுக்காரரின் தொப்பி சிவந்துபோனது.

முதலில் எடுத்தது செவ்வந்தி நிறத்தில் ஒரு சின்னப் பை. போங்ரேக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டது. ஆனால் பானை அதன் வாயில் நுழையவில்லை. கவிழ்த்துப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள். கடைசியில் அதை ஒருமுறை தடவிக்கொடுத்து மாட்டி வைத்தாள்.

இரண்டாவது பை பெரியது. பானையும் அடுப்பும் உள்ளே போனபின்னும் பாதி காலியாக இருந்தது. முதுகில் மாட்டியதும் தலைக்கு மேல் ஒரு முழம் நின்றது. போங்ரே குள்ளம்.

"அலமாரிக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்குடி," என்றாள் ஏரான்.

"திரும்பினா பின்னால வர்ற ஆளு பள்ளத்துல விழுந்துடுவான்," என்று போங்ரேயே ஒத்துக்கொண்டாள்.

மூன்றாவது நடுத்தரம். நாற்பது லிட்டர் என்றார் கடைக்காரர். சேற்று நிறம். போங்ரே முகத்தைச் சுளித்தாள். ஆனால் முன்பக்கம் முழுதாகத் திறந்தது. பானை கைக்குழந்தை தொட்டிலில் படுப்பதுபோல உள்ளே உட்கார்ந்தது. அரிசியை முதுகை ஒட்டி வைத்தாள், கிம்ச்சியை நேராக நிறுத்தினாள். மாட்டிக்கொண்டு இடுப்புப் பட்டையை எடுத்து மார்புக்குக் கீழே இறுகக் கட்டினாள்.

நாலு எட்டு நடந்தாள். முனக ஆரம்பித்தாள்.

ஏரான் பையைப் பிடித்து நிறுத்தினாள். "கழட்டிடு. வேணாம்."

"இருங்கக்கா." போங்ரே நின்று யோசித்தாள். "நான் ஒரு மடச்சி. பிள்ளையைக் கட்டுற மாதிரி நெஞ்சுகிட்டக் கட்டியிருக்கேன்."

அந்த ஊர்ப் பெண்கள் குழந்தையை முதுகில் போட்டு, போர்வையைச் சுற்றி, மார்பை ஒட்டியே முடிச்சுப் போடுவார்கள். மூன்று பிள்ளைகளை அப்படி வளர்த்த கை. கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் அவளே பட்டையைத் தளர்த்தி, இடுப்பெலும்புக்கு இறக்கி, முன்னால் குனிந்து ஒரு குலுக்குக் குலுக்கிக் கட்டினாள். தோள்வார்களைக் கொஞ்சம் நெகிழவிட்டாள். பிறகு இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்ப் பையின் அடியில் தட்டிக்கொண்டே கடையை ஒரு சுற்றுச் சுற்றினாள். மலையேறும் கம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு ஆண்கள் சிரித்தார்கள்.

"தூங்கிருச்சா பாட்டி?" என்றான் ஒருவன்.

"இப்பத்தான் தூங்குது. கத்தாதே," என்றாள் போங்ரே.

கடைக்கு வெளியே மேட்டுப்படிகளில் ஏறி இறங்கச் சொன்னாள் ஏரான். காதைத் தீட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். போங்ரேக்கு மூச்சு வாங்கியது. பேச்சு வந்தது, வசவு வந்தது, நிறத்தைப் பற்றிய புலம்பல் வந்தது. முனகல் வரவில்லை.

"வலிச்சாச் சொல்லு."

"கண்ணுதான் வலிக்குது. சேத்துல புரண்ட எருமை மாதிரி ஒரு கலரு."

பில்சுக் வாய்வார்த்தையை நம்புகிறவள் அல்ல. அடுத்த வியாழக்கிழமை மூதுங்சானில் சோதனை வைத்தாள். போங்ரே வாங்கிய புதுப் பையில் முழுப் பாரத்தோடு கணவாய்வரை ஏற வேண்டும். ஏரான் அவள் பின்னால் நடக்க வேண்டும். வழியெல்லாம் பில்சுக் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஏரான் ஒவ்வொரு தடவையும் முனகல் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

மேலே போய்ப் பாயை விரித்தார்கள். போங்ரே பானையைத் திறந்து, வீட்டில் சமைத்துக் கொண்டுவந்த சோற்றை எடுத்தாள், கிம்ச்சி டப்பாவையும் வைத்தாள். அப்போதுதான் பில்சுக்குக்கு அடுத்தவளான மா ஓக்கீ மெதுவாகத் தன் பையிலிருந்து ஒரு சோற்று டப்பாவை எடுத்தாள். பில்சுக்கின் பையிலிருந்தும் சோறு வந்தது, கூடவே கிம்ச்சியும். ஏரானும் வேறு வழியில்லாமல் தன்னுடையதை எடுத்து வைத்தாள். போங்ரே பாதி வழியில் உட்கார்ந்துவிட்டால் என்று ஆளுக்கொரு சோறு கட்டி வந்திருந்தார்கள். ஒருத்திக்கு மற்றவள் கொண்டுவந்தது தெரியாது.

போங்ரே நாலு சோற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. "என் மேல அவ்வளவு நம்பிக்கை!"

"நம்பாம இல்லைடி," என்றாள் பில்சுக். பிறகு தன் சோற்று டப்பாவை ஓரமாகத் தள்ளினாள். "சரி, நம்பலை. கையைத் தூக்கு பாப்போம்."

போங்ரே வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். காதைத் தொட்டது. அங்கேயே நிறுத்தி வைத்தாள். பில்சுக் அவள் தோளில் கைவைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, ஏரானைப் பார்த்தாள்.

"முனகினாளா?"

"இல்லக்கா."

பில்சுக் ஒரு டப்பாவிலிருந்து ஒரு துண்டை வாயில் போட்டாள். "இந்தக் கிம்ச்சி யாருது?"

"என்னுது," என்றாள் போங்ரே.

"உப்பு கம்மி. ஜிரிசானுக்கு நல்லதாக் கொண்டா."

அந்தக் கணவாயில் சோற்றைத் தீர்க்க முடியாமல், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் போட்டார்கள்.

அக்டோபரில் ஜிரிசான். பாறைப் படிகள் முடிகிற வழியாக இல்லை. போங்ரே எல்லோருக்கும் முன்னால் பானையோடு போனாள். சாயங்காலம் தங்குமிடத்துச் சமையல்கூடத்தில் பன்றிக்கறியும் கிம்ச்சியும் போட்டுக் கொதிக்கவைத்து, அக்காமார்களுக்கு வயது வரிசையில் பரிமாறினாள். பில்சுக் இரண்டாவது முறை கேட்டு வாங்கினாள். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியலில் உச்சிக்குப் போனார்கள். சூரியன் வரவில்லை, மூடுபனிதான் வந்தது. நால்வரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

இறங்கத் தொடங்குமுன் போங்ரே பையைப் பாறைமேல் வைத்துத் திறந்து பானையை வெளியே எடுத்தாள்.

"அக்கா, இதை நீங்க எடுத்துக்குறீங்களா?"

ஏரானுக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. இத்தனை வருடத்தில் கேட்காத கேள்வி. "தோள் வலிக்குதா?"

"கொஞ்சம்." சாதாரணமாகச் சொன்னாள், மழை வரும்போல இருக்கிறது என்பதைப் போல. "மேல கொண்டுவந்து சோறு போட்டுட்டேன். கீழ எறக்குறது யாரா இருந்தா என்ன?"

ஏரானின் சின்னப் பைக்குள் பானை போகவில்லை. வெளியே கயிறு போட்டுக் கட்டிக்கொண்டாள். ஒவ்வொரு படிக்கும் மூடி டணார் டணார் என்று அடித்தது. வழியில் கரடி நடமாட்டம் உண்டு என்று எச்சரிக்கும் பலகையைத் தாண்டும்போது, பின்னாலிருந்து போங்ரே சத்தமாகச் சொன்னாள்:

"நீங்க முன்னாலயே போங்கக்கா. உங்க சத்தத்துக்குக் கரடி வீட்டைக் காலி பண்ணிட்டு ஓடிடும்."