ஒரே மூச்சில் ஒரு வாக்கியம்

கொழும்புக்குக் கிளம்பும்போது மதுரையில் ஆளாளுக்கு எனக்குப் புத்திமதி சொன்னார்கள். அத்தனை பேருடைய புத்திமதிக்கும் சாரம் ஒன்றுதான்: தெருவில் தமிழ் பேசாதே. சொன்னவர்களில் ஒருத்தர்கூட இலங்கையைக் கண்ணால் பார்த்ததில்லை. சித்தப்பா ஒருவர் மட்டும் ராமேஸ்வரம் வரைக்கும் போய் வந்தவர். அந்தத் தகுதியில் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொன்னார்.

என் கணவருக்கு இங்கே ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. வெள்ளவத்தையில், காலி என்ற ஊருக்குப் போகும் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒரு சந்தில் வீடு பார்த்தோம். வந்து பார்த்தால் கடைப் பலகை தமிழ், கறிவேப்பிலை விற்கிறவர் தமிழ், மாடிப்படியில் சண்டை போடுகிறவர்களும் தமிழ். கீழ்வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். எங்கள் ஊர்ப் புத்திமதியைச் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன பிள்ளை, வெள்ளவத்தையிலை தமிழ் கதைக்காமல் வேறை எங்கை கதைக்கப் போறியள்?"

ஆனால் எனக்கும் கண் இருக்கிறதே. அதே அக்கா என்னோடு பஸ்ஸில் வரும்போது, பம்பலப்பிட்டி தாண்டிக் கொள்ளுப்பிட்டி வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வதைப் பார்த்தேன். ஒருநாள் விடாமல் கேட்டேன். அவர் என் மகள் வயதில் இருந்தபோது தமிழர்களைத் தேடித் தேடி அடித்த எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தைச் சொன்னார். வாகனங்களை மறித்தார்களாம், உள்ளே தலையை நீட்டி யார் என்ன ஆள் என்று பார்த்தார்களாம், இவருடைய அம்மா சேலைத் தலைப்பால் நெற்றிப் பொட்டை அழித்தாராம். "அது முடிஞ்ச கதை பிள்ளை. இப்ப அப்பிடி இல்லை," என்று தேநீரைக் குடித்து முடித்துவிட்டுப் போனார். அவருக்கு முடிந்தது. எனக்கு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு வீட்டு வாசலைத் தாண்டினால் என் வாயிலிருந்து வரும் ஒரே சொல் "உஷ்". யாருக்கு? என் மகளுக்கு. நாலரை வயது, வாய் ஓயாது. பஸ்ஸில் ஏறியதும் "அம்மா, அந்த மாமாவுக்கு ஏன் மீசை இல்ல?" என்று ஆரம்பிப்பாள். உஷ். ரயில் போனால் "எந்த ஊருக்குப் போகுது?" உஷ். கொஞ்ச நாளில் அவள் வெளியில் என்னைப் பார்த்துவிட்டு, தானே வாயை மூடிக்கொள்ளப் பழகிவிட்டாள். நல்ல பிள்ளை என்று நானும் நினைத்துக்கொண்டேன், வேறென்ன.

என் சிங்களமோ நாலு வார்த்தை. 'கீயத' என்றால் எவ்வளவு, 'ஹரி' என்றால் சரி, 'ஸ்துதி' என்றால் நன்றி, 'எப்பா' என்றால் வேண்டாம். இதில் எனக்கு நன்றாகக் கைவந்தது எப்பாதான். மீன்காரருக்கு எப்பா, லாட்டரிக்காரருக்கு எப்பா. என் கணவருக்கும் இதே நாலுதான், ஆனால் அவர் ஏதோ மொழிபெயர்ப்பாளர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்வார்.

மகளுக்கு ஒரே ஒரு பிரச்சினை, இழுப்பு. ஈரக்காற்று பட்டால் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பிக்கும். மதுரையில் டாக்டர் எனக்கு ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்: ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொன்னால் பயமில்லை, வார்த்தை வார்த்தையாகத் துண்டு துண்டாக வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு.

புத்தர் பிறந்தநாளான வெசாக் அன்று சாயங்காலம் அவள் துண்டு துண்டாகப் பேசினாள்.

"அம்மா... தண்ணி..." என்றாள். இழுத்து ஒரு மூச்சு. "வேணாம்..." மறுபடி ஒரு மூச்சு. இன்ஹேலரை அடித்தேன். கேட்கவில்லை. மறுபடியும் அடித்தேன். விலா எலும்புக்கு நடுவில் சதை உள்வாங்கி உள்வாங்கி எழுந்தது. கணவர் வேலையாகச் சென்னைக்குப் போயிருந்தார். கீழ்வீட்டு அக்கா விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போய்விட்டார். செயலியில் ஆஸ்பத்திரி பெயரைப் போட்டு ஆட்டோ வரவழைத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். ஓட்டுநர் தலை நரைத்தவர். என்னென்னவோ கேட்டார். நான் "ஹொஸ்பிடல், ஹொஸ்பிடல்" என்று மட்டும் சொன்னேன். அவர் குழந்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

தெருவெல்லாம் வெசாக் கூடுகள். காகிதத்தில் செய்த விளக்குக் கூடுகளை அப்போதுதான் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருப்பேன். காலி வீதியை விட்டு உள்ளே திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் வாகனங்கள் தேங்கின. ஒலிபெருக்கியில் ஏதோ பாட்டு காதைக் கிழித்தது. எட்டிப் பார்த்தேன். தெருவின் நடுவில் இளைஞர் கூட்டம், கையில் கம்பு. வருகிற வாகனத்தையெல்லாம் மறிக்கிறார்கள். ஒவ்வொன்றாக உள்ளே தலையை நீட்டிப் பார்க்கிறார்கள்.

ஐயோ கடவுளே. வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

கம்பு நுனியில் கொடி கட்டியிருந்தது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரம் என் கண்ணுக்குக் கம்பு மட்டும்தான் தெரிந்தது. நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் பிய்த்தேன். அது விரலில் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. சீட்டு ரெக்ஸினில் அழுத்தித் தேய்த்துவிட்டேன். மகளின் முகத்தை என் நெஞ்சோடு சேர்த்து மறைத்துக்கொண்டேன்.

ஒருவன் எங்கள் ஆட்டோவுக்குள் தலையை நீட்டினான். சிரித்தான். என்னவோ கேட்டான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பொருத்தமானது ஒன்றுதானே. "எப்பா! எப்பா!" என்று கத்தினேன். அவன் இன்னும் பெரிதாகச் சிரித்துவிட்டுத் திரும்பி மற்றவர்களைக் கையசைத்துக் கூப்பிட்டான். நாலைந்து பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். எல்லாரும் சேர்ந்து பின்னாலிருந்த ஒரு பந்தலைக் காட்டி, இறங்கு இறங்கு என்று சைகை செய்தார்கள். ஓட்டுநர் என்னைத் திரும்பித் திரும்பிக் காட்டி ஏதோ உரக்கச் சொன்னார். பாட்டுச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. பாவி மனிதன், நம்மைக் காட்டிக்கொடுக்கிறான் என்று நினைத்தேன். நான் எப்பா எப்பா என்று கத்தக் கத்த அவர்கள் விடாமல் வற்புறுத்தினார்கள். என் நெஞ்சில் புதைந்திருந்த மகள் திமிறினாள்.

"அம்மா... மூச்சு..."

அப்போதுதான் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண்மணி, என்ன தாமதம் என்று பார்க்கிறவர் போலக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். கையில் ஐஸ்கிரீம் அள்ளும் கரண்டி, அதிலிருந்து ரோஸ் நிறத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். குழந்தையின் முதுகில் கையை வைத்தார். அந்த விசில் சத்தம் அவருடைய உள்ளங்கைக்கே கேட்டிருக்க வேண்டும். திரும்பி அந்தப் பையன்களைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டார் பாருங்கள், ஒலிபெருக்கியே அடங்கிப்போன மாதிரி இருந்தது. "பபாட்ட அமாருயி!" குழந்தைக்கு முடியவில்லை என்று அர்த்தமாம்.

பாட்டு நின்றது. சிரித்த முகங்கள் எல்லாம் ஒரே நொடியில் மாறின. கம்பு வைத்திருந்தவர்கள் முன்னால் ஓடினார்கள். கொடியை ஆட்டி ஆட்டி, விசிலடித்து, கார்களின் முதுகில் தட்டி, பஸ்ஸை ஓரங்கட்டி வழி பண்ணினார்கள். அந்த அம்மா என்னைக் கேட்கவே இல்லை. கரண்டியும் கையுமாக ஆட்டோவில் ஏறி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது, அவர் சேலைத் தலைப்பால் என் கன்னத்தைத் துடைத்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

"பய வென்ன எப்பா, துவ," என்றார்.

எப்பா எனக்குத் தெரியும். மிச்சத்தை அவர் கை சொல்லிவிட்டது. 'துவ' என்றால் மகளே என்று பிறகு அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு நான் அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை என் மடியில் ஐஸ்கிரீம் சொட்டிக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் இங்கிலீஷ் செல்லுபடியானது. உடனே உள்ளே கூட்டிப்போய் முகமூடி மாட்டிப் புகைமருந்து கொடுத்தார்கள். ஒருமுறை கொடுத்து, பார்த்து, மறுபடி கொடுத்தார்கள். விசில் மெல்ல மெல்ல இறங்கியது. இளம் டாக்டர் ஒருவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, சுவாசம் நன்றாகத் திறந்துவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார். போகிற போக்கில் மகளிடம் பெயர் என்ன, எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"பேசும்மா, டாக்டர் கேக்குறாருல்ல," என்றேன். வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மூச்சு இன்னும் முட்டுகிறதா, அதனால் பேசவில்லையா? அல்லது நான் பழக்கி வைத்த உஷ்ஷா? இரண்டில் எது என்று அந்தக் குழாய்க்கும் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே சோதனை முழு வாக்கியம்தான், அதையும் நானே கெடுத்து வைத்திருந்தேன்.

வெளியே வந்தால் அந்த அம்மா பெஞ்சில் கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓட்டுநரும் போகாமல் நின்றார். அந்த அம்மாவை அவர் இடத்தில் கொண்டுபோய் விட வேண்டும், அந்தக் கரண்டியும் போய்ச் சேர வேண்டும். எங்கள் வீட்டுக்கும் அதே வழிதான். மூன்று பெண்களும் பின்னால் நெருக்கி உட்கார்ந்து திரும்பி வந்தோம். வழிநெடுக மகள் என் தோளில் சாய்ந்து வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அவளுடைய விலாவையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பந்தலுக்குப் பக்கத்தில் எங்களைக் கண்டதும் பையன்கள் ஹோவென்று கூச்சலிட்டார்கள். இந்தத் தடவை கொடி எனக்குத் தெரிந்தது. அந்தப் பந்தலை இங்கே தன்சல் என்கிறார்கள். நம் ஊரில் கோயில் அன்னதானத்துக்கு நாம்தான் தேடிப் போக வேண்டும். இங்கே வெசாக்குக்கு, போகிற வருகிற வாகனத்தை நிறுத்தி, இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போ என்று பிடித்திழுக்கிறார்கள். ஐஸ்கிரீம் சாப்பிட வா என்று கூப்பிட்டவர்களைப் பார்த்துத்தான் நான் அந்தக் கத்துக் கத்தியிருக்கிறேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, ரெண்டையும் அடக்க முடியாமல் மூக்கைச் சிந்திக்கொண்டு வரிசையில் போய் நின்றேன்.

வரிசையில் நிறையப் பேர். எல்லாரும் வெள்ளை உடுத்திச் சிங்களத்தில் பேசிக்கொண்டு நின்றார்கள். அந்த அம்மா கரண்டியைக் கழுவிவிட்டுத் தன் இடத்தில் நின்று எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். வெள்ளை ஐஸ்கிரீம் ஒரு டப்பா, ரோஸ் ஐஸ்கிரீம் ஒரு டப்பா. அவர் கரண்டி வெள்ளை டப்பாவுக்குள் போனது. என் இடுப்பிலிருந்த மகள் சட்டென்று நிமிர்ந்தாள். நெஞ்சை நிறைத்து ஒரு மூச்சு இழுத்தாள்.

"அம்மா, உன் பொட்டு ஆட்டோ சீட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கு, போறப்ப எடுத்து வச்சுக்கோ, எனக்கு வெள்ளை ஐஸ்கிரீம் வேணாம் ரோஸ்தான் வேணும், நீ எப்பானு சொல்லக் கூடாது!"

தெருவே கேட்கும் சத்தத்தில், அத்தனையும் தமிழில், ஒரே மூச்சில். வரிசை முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது.

பழக்க தோஷத்தில் என் விரல் உதட்டுக்குப் போனது. பாதியில் நிறுத்தி, அந்தக் கையாலேயே அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

"இன்னொரு தடவை சொல்லுடி," என்றேன். "சத்தமாச் சொல்லு."