நடு இருக்கையின் இடுப்புப் பட்டை

மும்பையில் டாக்ஸியில் ஏறியதும் நான் முதலில் செய்வது, பின்னிருக்கையின் இடுக்கில் கையை விட்டுத் துழாவுவது. இங்கே ஓட்டுநர்கள் வண்டி வாங்கிய கையோடு இருக்கைகளுக்கு உறை போட்டுவிடுகிறார்கள். சீட் பெல்ட்டைச் செருகும் பூட்டு அந்த உறைக்கு அடியில் புதைந்துவிடுகிறது. போன வாரம் செம்பூர் நாக்காவில் ஏறிய டாக்ஸியின் ஓட்டுநர், நான் எதையோ தொலைத்துவிட்டதாக நினைத்தார். "க்யா கிர் கயா, காகா?" என்றார். எதுவும் விழவில்லை, பெல்ட்டைத் தேடுகிறேன் என்றேன். "பீச்சே கோயி நஹி பூச்தா," பின்னால் உட்காருபவரைப் போலீஸ் கேட்காது என்று தைரியம் சொன்னார். ஜன்னலோரம் காலியாக இருக்க, நான் நடுவில் போய் உட்கார்ந்து இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தபடி வண்டியை எடுத்தார்.

ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். தாராவியில் என்னோடு வளர்ந்தவர்களும் சிரிப்பார்கள். எனக்கு பெல்ட் பற்றித் தெரியவந்ததே பூரணியால்தான். பூரணி என் தம்பி கணேசனின் மகள். கணேசனும் அவன் மனைவி ரேவதியும் கனடாவில் இருக்கிறார்கள். இருவருக்கும் ஷிப்ட் வேலை. பிரசவத்துக்கு இங்கே வந்த ரேவதி, குழந்தைக்கு ஆறு மாதம் ஆனதும் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அவளுக்குத் தாய் இல்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. "ஒரு வருசம் மட்டும் வச்சுக்கிடுங்க மதினி," என்று கணேசன் என் மனைவி வசந்தாவிடம் கேட்டான். ஒரு வருடம் மூன்றாயிற்று. பூரணி எங்களை அப்பா, அம்மா என்றாள். கணேசனுக்கு அவள் வைத்த பெயர் 'போன் அப்பா'.

அவளை அழைத்துப் போக வருவதற்கு ஒரு மாதம் முன்பே, தெரிந்தவர் ஒருவர் மூலம் கணேசன் ஒரு குழந்தை இருக்கையை அனுப்பிவிட்டான். "அண்ணே, இங்க புள்ளய மடியில வச்சுட்டுப் போனா போலீஸ் புடிப்பான். நீங்களே உக்கார வச்சுப் பழக்கிருங்க. எங்ககிட்ட வந்து புதுசா பழகுனா அழுவா," என்றான். நியாயமான பேச்சு. நான் போனை வைத்ததும் வசந்தா என் பக்கம் திரும்பினாள். "நம்மள விட்டுப் போறதுக்கு நம்மளே பழக்கணுமாக்கும்," என்றாள்.

எதையும் முறையாகச் செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கூடவே வந்த கையேட்டைப் படித்துவிட்டு எங்கள் பழைய காரில் அதைப் பொருத்தினேன். பின்னிருக்கையின் ஓரங்களில் இருப்பது தோளுக்கும் இடுப்புக்குமான பெல்ட். மெதுவாக இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். வண்டி குலுங்கினால்தான் இறுகும். பெரியவர்களுக்கு அது போதும். குழந்தை இருக்கையை அதனால் கட்டினால், கட்டியது போலத் தோன்றுமே தவிர ஆடும். அதற்கென்று ஒரு சிறிய இரும்புக் கிளிப் உண்டு. பூட்டுக்குச் சற்று மேலே, பெல்ட்டின் இரண்டு பட்டைகளையும் சேர்த்துக் கிளிப்பில் கோத்துவிட்டால் நழுவாது. நடுவில் இருப்பது வெறும் இடுப்புப் பட்டை. நுனியைப் பிடித்துக் கையால் இறுக்கினால் இறுகியபடி நிற்கும். மேல்மாடிக்காரரின் புதுக் காரில் இருக்கை இடுக்கிலேயே இரும்பு வளையங்கள் இருக்கின்றன, பெல்ட்டே வேண்டாம். எந்த முறையானாலும் சோதனை ஒன்றுதான். குழந்தை இருக்கையில் முழங்காலை ஊன்றி, முழு எடையையும் கொடுத்து பெல்ட்டை இழுக்க வேண்டும். பிறகு அடியில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது.

பூரணி அதுவரை காரிலும் ஆட்டோவிலும் வசந்தாவின் மடியில் நின்றுகொண்டே போனவள். முதல் நாள் முதுகை வில்லாக வளைத்து அலறினாள். அதனால் கட்டடத்துக்குக் கீழே, நிறுத்தியிருக்கும் காரிலேயே பழக்கினேன். மாலையில் அலுவலகம் விட்டு வந்ததும் அவளை இடது ஓரத்தில் உட்கார வைப்பேன். "அப்பா நடுவுல," என்பாள். நான் நடுவில் உட்கார்ந்து இடுப்புப் பட்டையை மாட்டினால்தான் தன் பட்டையை மாட்ட விடுவாள். வண்டி ஓடாது. இருவரும் பொரி தின்றுகொண்டு, முன்னால் இருக்கும் சுவரைப் பார்த்தபடி கனடா போய்க்கொண்டிருப்போம். வாட்ச்மேன் ஒருநாள் கண்ணாடியைத் தட்டினார். "சாப், காடி சாலூ கரோ, நஹி தோ கபி நஹி பஹுஞ்சோகே." வண்டியைக் கிளப்பாவிட்டால் எப்போதுமே போய்ச் சேர மாட்டீர்களாம். சேராமல் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் சங்கரன்கோவில் பஸ் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்துப் பஸ்களில், நிற்கிற பெண் கைக்குழந்தையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வைத்துவிடுவாள். அனுமதி கேட்பதில்லை. "செத்த வச்சிருங்க" என்பதோடு சரி. சில காலம் ஊரில் இருந்துவிட்டு, வேலை தேடி பம்பாய்க்கு மறுபடி கிளம்புவதற்கு முன், திருநெல்வேலியிலிருந்து போகும்போது என் மடிக்கும் ஒரு பையன் வந்தான். என் சட்டையில் எச்சில் வழியத் தூங்கினான். மானூரில் அவன் தாய் அவனை வாங்கிக்கொண்டு இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. என் மடி மட்டும் கொஞ்ச நேரம் சூடாக இருந்தது.

கணேசனும் ரேவதியும் வந்தார்கள். பூரணி ரேவதியிடம் ஒட்டவில்லை. "என்னய ஆன்ட்டினு கூப்பிடுதா அத்தான்," என்று ரேவதி என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். உடனே குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

புறப்படும் நாளன்று பெரிய டாக்ஸி ஒன்று பிடித்தோம். ஓட்டுநர் பெட்டிகளோடு குழந்தை இருக்கையையும் மேலே கேரியரில் ஏற்றிக் கயிறு போட்டுவிட்டார். அது சாமான் இல்லை, குழந்தைக்கு என்றேன். "தோ பச்சி கோ கோத் மே லோ நா," குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்றார். கயிற்றை அவிழ்த்து இறக்கினோம். கணேசன் தானே கட்டுவதாகச் சொல்லி, பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து விட்டான். அவன் ஊரில் அப்படி இழுத்து விட்டால் டிக் டிக்கென்று தானாகவே பூட்டிக்கொள்ளுமாம். இங்கே சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான்.

"லாக் ஆவ மாட்டேங்கு அண்ணே."

"தள்ளுல," என்றேன்.

முழங்காலை ஊன்றி இழுத்தேன். கிளிப்பைக் கோத்தேன். ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. இவ்வளவு நன்றாக நான் அதை ஒருபோதும் கட்டியதில்லை.

விமான நிலையத்துக்கு வராமல் வாசலிலேயே நின்ற வசந்தா ஜன்னலுக்குள் குனிந்து, "தூங்குறப்ப காத நீவி விடணும். எடது காது," என்று ரேவதியிடம் சொன்னாள். "சரிக்கா." நான் நடுவில் ஏறி இடுப்புப் பட்டையை மாட்டினேன். பூரணி அழவில்லை. பொரி எங்கே என்று மட்டும் கேட்டாள். விமான நிலையத்தில் எல்லாவற்றையும் கழற்றினேன். "கிளிப்பு அங்க வேண்டாம் அண்ணே, நீங்களே வச்சுக்கிடுங்க," என்றான் கணேசன். என் கையிலிருந்து அவளை ரேவதி வாங்கிக்கொண்டாள்.

இப்போது அவன் காரிலிருந்து வீடியோவில் காட்டுகிறான். "அழவே மாட்டேங்கா அண்ணே. நீங்க பழக்குன பழக்கம்." பூரணி பட்டைக்குள் ஒழுங்காக உட்கார்ந்து, "பெரியப்பா, பெல்ட்டு போட்டாச்சா?" என்று கேட்கிறாள். பெரியப்பா என்று தெளிவாகவே சொல்கிறாள். நாங்கள் சொல்லிக் கொடுத்தபோது வராத சொல். நான் செம்பூர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி, போட்டாச்சு என்கிறேன்.

போன வாரம் ஏறிய அந்த டாக்ஸி மாட்டுங்கா வந்தபோது ஓட்டுநரால் பொறுக்க முடியவில்லை. வழியில் யாராவது ஏறுவார்களா, ஜன்னலோரத்தைக் காலியாக விட்டிருக்கிறீர்களே என்றார். "வோ உதர் கயி," அவள் இறங்கிவிட்டாள் என்றேன். செம்பூரிலிருந்து எங்குமே நிற்காமல் வந்தவர் அவர். கண்ணாடியில் என்னைப் பார்த்தார், பிறகு என் இடப்பக்கத்தைப் பார்த்தார். என் கை அங்கே உறையின் மேல் ஊன்றி, அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.